பாக்காவ் காட்டின் கணக்கு வழக்கு

சிம்பாங் ரெங்கம் கடற்கரை ஊர் அன்று. ஆயர் ஹீத்தாமிலிருந்து தெற்கே சிங்கப்பூரை நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில், ரெங்கம் ரயிலடிக்குக் கிளைவழி பிரிகிற சந்தியில் தோன்றிய இவ்வூரை, கங்காணிமார் ஆளெடுத்து வந்த ரப்பர்க் காலம் தொடங்கி இன்றைய செம்பனைக் காலம் வரையில், நம்மவர்கள் பால்மரத்தோடும் அன்னாசிக் காட்டோடும் சேர்த்து நினைத்துப் பழகியிருக்கிறார்களேயன்றி, சமுத்திரத்தோடு சேர்த்து நினைத்தவர்கள் அபூர்வம். ஆனாலும் மாச்சாப் பக்கத்து நீரையும், தோட்டங்களின் கால்வாய்களில் வடியும் மழைநீரையும் வாங்கிக்கொண்டு இந்தப் பிரதேசத்தின் வழியே மேற்கு நோக்கிப் போகிற பெனுட் ஆறு, பொந்தியான் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய சிற்றூரின் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 2017க்கும் 2019க்கும் இடையில், குப்பைக் கிடங்கொன்றின் கசிவுநீர் இந்த ஆற்றில் கலந்து அம்மோனியா மிகுந்துபோய், சிம்பாங் ரெங்கத்துக் குடிநீர் நிலையம் பல தடவை வேலையை நிறுத்த நேர்ந்தது; குழாயில் தண்ணீர் வராத அந்த நாட்களில்தான் ஊரார் பலர் ஆற்றின் பெயரை அடிக்கடி உச்சரித்தார்கள். அந்த ஆறு கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டல் எங்கே தங்குகிறது, அது தங்கிய இடத்தில் என்ன முளைத்தது, முளைத்ததை யார் எவ்வாறு கணக்கெழுதினார்கள் என்பதே இங்கே சொல்லப் புகும் விருத்தாந்தம்.

பத்து பகாட்டிலிருந்து செங்காராங், ரெங்கிட், பெனுட் வழியாகத் தெற்கே குகுப்பும் தஞ்சோங் பியாயும் முடிய நீளும் மேற்கு ஜோகூர்க் கரையில் மணல் குறைவு, சேறு அதிகம். நீரிணையின் இருபுறமும் நிலம் இருப்பதால் பெருங்கடலின் அலைவேகம் இங்கே தணிந்துவிடுகிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கரையோரமாகவே படிகிறது. நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்கும் வெள்ளம் அதை ஈரம் உலராமல் காக்கிறது. மலாய்க்காரர்கள் பாக்காவ் என்றும், நம் முன்னோர்கள் கண்டல் என்றும், இக்காலத்துப் புத்தகங்கள் அலையாத்தி என்றும் சொல்கிற காடு இத்தகைய இடத்தில்தான் செழிக்கும். செழிக்கிற விதத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. கடலை நேர்நின்று முதலில் எதிர்கொள்வன வெண்கண்டல் இனத்தைச் சேர்ந்த ஆப்பி-ஆப்பியும், பெரெப்பாட் மரமும். இவை சேற்றுக்குள்ளிருந்து பென்சிலை நட்டுவைத்தாற்போன்ற மூச்சுவேர்களை ஆயிரக்கணக்கில் மேலே நீட்டுகின்றன. அவற்றுக்குப் பின்னே, நீர்ப்போக்கு சற்று அமைதியான இடத்தில், சுரபுன்னை இனத்துப் பாக்காவ் மரங்கள் பல கால்களை ஊன்றி நிற்கின்றன. அவற்றின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, பின்பு ஈட்டிபோல் சேற்றில் விழுகிறது. இன்னும் உள்ளே போனால் தூமு, லெங்காடாய் முதலியவை முழங்காலை மடக்கியதுபோல் வேரை மடக்கி மடக்கி வெளியே காட்டுகின்றன. அதற்கும் பின்னால், பெருவெள்ள நாட்களில் மட்டுமே நனைகிற மேட்டில், நீரே மரமும் பியாய் என்னும் பெரும் பெரணியும் வளர, ஆற்றின் வழியே உப்புக் குறையுமிடத்தில் நீப்பா ஓலைகள் வரிசைகட்டி நிற்கும்.

அந்த மேட்டுப் பகுதியில் தமிழர் நின்று பார்க்கத்தக்க மரம் ஒன்று உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் வரக் காரணமாய், அத்தலத்தின் விருட்சமாய் விளங்கும் தில்லை மரமே அது. மலாயாவின் கரையிலும் அது இயல்பாக வளர்கிறது. அதைக் கீறினால் வெண்மையான பால் சுரக்கும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதனால் விறகு வெட்டுகிறவர்கள் அதைக் கண்டதும் விலகிப் போவார்கள். தாவர சாஸ்திரிகள் இதையும் நம்மவர்கள் நூறாண்டாகக் கீறிக் கீறிப் பிழைத்த ரப்பர் மரத்தையும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். பிரேசில் தேசத்திலிருந்து வந்த பால்மரத்தின் பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் அறிந்திருந்த சிம்பாங் ரெங்கத்துத் தோட்டத் தொழிலாளிக்கு, ஆற்றின் கீழ்க்கோடியில் நின்ற தன் சொந்த நாட்டுத் தெய்வ மரத்தைக் காண அநேகமாய்ச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போக யார் வண்டி கொடுத்தார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோகூர் நாட்டை ஆண்டவர்கள் நிலத்தை ஆறுகளாகவே பகுத்தார்கள். கங்சு எனப்பட்ட சீனத் தலைவர்களுக்கு ஆற்றுரிமைப் பத்திரம் வழங்கி, ஆற்றங்கரைக் காட்டை அழித்துக் கம்பீர்ச் செடியும் மிளகும் பயிரிடச் செய்தார்கள். 1917இல் ஒழிக்கப்பட்ட இந்த முறையே அந்நூற்றாண்டில் நாட்டின் வருமானத்துக்குப் பெருந்தூணாக இருந்தது. கம்பீரின் இலையைக் கொப்பரையில் இட்டு இடைவிடாமல் காய்ச்ச வேண்டியிருந்தமையால், பயிரிட்ட நிலத்துக்கு ஈடான காட்டை விறகுக்காகவே அழிக்க நேர்ந்ததென்றும், நிலம் சாரமிழந்ததும் அடுத்த ஆற்றுக்குப் பெயர்ந்து போனார்களென்றும் அக்காலத்து விருத்தாந்தங்கள் கூறும். சாரமிழந்த அந்த நிலங்களில் பல பின்பு ரப்பர்த் தோட்டங்களாயின. 1909இல் ஜோகூர் ரயில்பாதை முடிவடைந்ததும் குளுவாங் வட்டாரத்துக் காடுகளும் அதே வழியில் போயின. தோட்டத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இவ்வளவோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் மேட்டில் காடு போனபோது மழை அரித்த மண் ஆற்றோடு போயிற்று என்பதும், கரையிலிருந்த பாக்காவ் காடு அந்த மண்ணைத் தன் வேர்களுக்கிடையே நிறுத்திக்கொண்டது என்பதும் அதே சரித்திரத்தின் மறுபக்கமே.

கரைக்காட்டுக்கு அப்போது விறகு மதிப்பும் கழி மதிப்பும் பட்டை மதிப்பும் இருந்தன. வேறு மதிப்பை யாரும் கேட்கவில்லை. பாக்காவ் விறகு கனமானது, நின்று எரிவது, பச்சையாக நீரில் போட்டால் மூழ்கிவிடுமளவுக்கு அடர்த்தியுள்ளது. மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு ஓடத் தொடங்கிய பிற்பாடு, ரயில் எஞ்சின்களுக்கும் இந்த விறகு தீனியாயிற்று. சிங்கப்பூரில் சதுப்பு நிலத்தின்மீது கடைவீடுகள் எழுந்தபோது அவற்றின் அஸ்திவாரத்துக்கடியில் பாக்காவ் கழிகளே நெருக்கமாக அடிக்கப்பட்டன. நீர்மட்டத்துக்குக் கீழே காற்றுப் படாமல் இருக்கும் வரையில் அவை உளுப்பதில்லை. பட்டை தோல் பதனிடவும் மீன்வலைக்குச் சாயமேற்றவும் பயன்பட்டது. ஜோகூர்க் கரையிலிருந்து சிங்கப்பூர் ஒரு படகுப் பயணம். வாங்குவோர் பக்கத்தில் இருந்ததனால் வெட்டுவோர் கைக்கு ஓய்வில்லை.

வெட்டுக்கு ஒரு வரையறை வேண்டும் என்று வன இலாகா எண்ணத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான். பேராக் மாநிலத்தின் மாத்தாங்கில் ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அலையாத்திக் காடு 1902 முதல் இலாகாவின் நிர்வாகத்தில் வந்தது. அங்கே கற்ற பாடமே தீபகற்பத்தின் ஏனைய கரைகளுக்கும் முன்மாதிரியாயிற்று. 1928இல் ஜே. ஜி. வாட்சன் என்னும் வன உத்தியோகஸ்தர் மலாயாத் தீபகற்பத்தின் அலையாத்திக் காடுகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் அவர் செய்த காரியம் இன்றுவரை உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது: கரையை அவர் வெள்ளம் ஏறும் தடவைகளைக் கொண்டு ஐந்து வகுப்பாகப் பிரித்தார். மாதத்தில் 56 முதல் 62 தடவை, அதாவது ஏறுகிற ஒவ்வொரு வெள்ளத்திலும் நனைகிற இடம் முதல் வகுப்பு; இரண்டே தடவை அல்லது அதற்கும் குறைவாக, அசாதாரணப் பெருவெள்ளத்தில் மட்டும் நனைகிற இடம் ஐந்தாம் வகுப்பு. எந்த மரம் எந்த வகுப்பில் வாழும் என்று அவர் எழுதிவைத்ததைப் படிக்கும்போது, ஒரு விரற்கடை மேடு பள்ளம்கூட ஒரு மரத்தின் வாழ்வையும் சாவையும் நிர்ணயிக்கும் என்பது விளங்குகிறது. இந்தத் தேசத்து மரங்களைக் குறித்து எழுதப்பட்ட நூல்களில் இதற்கு நிகரானவை சிலவே என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் இவ்வளவு வேற்றுமையைக் கண்டறிந்த அந்த சாஸ்திரம், நடைமுறையில் வேற்றுமையைக் குறைக்கவே பயன்பட்டது. இலாகாவுக்கு வேண்டியது விறகும் கரியும். அவற்றுக்கு உத்தமமானது பாக்காவ் மிஞ்ஞாக் என்னும் ஒரே இனம். ஆப்பி-ஆப்பி மென்மரம், லெங்காடாய் இரண்டாந்தரம், பியாய்ப் பெரணியோ நாற்றுகளை நெருக்கிக் கொல்லும் களை என்று தரம்பிரித்து, வெட்டிய இடங்களில் பாக்காவ் நாற்றுகளையே மேலும் மேலும் நட்டு வந்ததால், மாத்தாங் காடு தலைமுறைக்குத் தலைமுறை ஒரே முகமுள்ளதாக ஆயிற்று. அங்கே வகுத்த முறையின் நேர்த்தியை மறுக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை முற்றாக வெட்டுவார்கள். இடையே பதினைந்தாம் வயதில், நல்ல மரமொன்றைத் தேர்ந்து, 1.2 மீட்டர் நீளமுள்ள கோலை அதன் அடியிலிருந்து சுற்றிலும் நீட்டி, கோலுக்குள் அகப்பட்ட மற்ற மரங்களையெல்லாம் கழிகளாக வெட்டிவிடுவார்கள். இருபதாம் வயதில் அதே வேலையை 1.8 மீட்டர்க் கோலால் செய்வார்கள். எழுத்தறியாத தொழிலாளியும் தவறாமல் செய்யும்படி ஒரு காட்டின் எதிர்காலத்தை ஒரு கோலின் நீளத்தில் அடக்கியது சாமானியமான யுக்தி அன்று.

கரி சுடுவதும் அப்படிப்பட்ட கைவேலைதான். 1930ஆம் ஆண்டளவில் மாத்தாங்கில் வேரூன்றிய அந்தத் தொழில், செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கவிகையாய்க் கட்டிய சூளைகளில் நடக்கிறது. 1.6 மீட்டர் அளவாகத் துண்டித்துப் பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நெட்டுக்குத்தலாக நிறுத்தி, வாயிலில் பத்து நாள் பெருந்தீ எரித்து, பின்பு வாயிலைச் சுருக்கி மேலும் பத்துப் பன்னிரண்டு நாள் மெல்லத் தீ வைத்து, இறுதியாக எல்லாத் துளைகளையும் அடைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆறவிடுகிறார்கள். கட்டை நேரடியாக எரிவதில்லை; வெப்பத்தில் அதன் நீரெல்லாம் ஆவியாகி வெளியேறுகிறது. துளை வழியே வரும் ஆவியின் மணத்தையும் சூட்டையும் கொண்டே சூளைக்காரர் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். சுமார் 40 டன் பச்சைமரம் உள்ளே போனால் 10 டன் கரி வெளியே வரும். ஜோகூரிலும் குகுப், சுங்கை பூலாய்ப் பக்கங்களில் இத்தகைய சூளைகள் புகைந்தன.

மேற்கு ஜோகூரில் காட்டைச் சுருக்கியது சூளை மட்டுமன்று. ஜாவா, பூகிஸ் குடியேறிகள் கரையோரச் சதுப்பில் பாரிட் என்னும் வடிகால் வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்தது பழைய காலத்துச் செய்தி. அந்த ஊர்கள் பல இன்றும் பாரிட் என்ற அடைமொழியோடு வழங்குகின்றன. 1974இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய மேற்கு ஜோகூர் விவசாய அபிவிருத்தித் திட்டம், மண்வெட்டியால் செய்ததை இயந்திரத்தால் செய்தது: கரையோரம் மண்கரை எழுப்பி, ஆறுகளிலும் வடிகால்களிலும் மதகு அமைத்து, வெள்ளம் ஏறும்போது அடைத்து இறங்கும்போது திறந்தார்கள். உப்புநீர் உள்ளே வருவது நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பயன்பெற்றன. அதைக் குறைசொல்ல வயிறு நிறைந்தவனுக்கு உரிமை இல்லை. எனினும் மண்ணுக்குள் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். அலையாத்திச் சேற்றில் கந்தகம் கலந்த இரும்புத் தாது நுண்மையாகப் படிந்திருக்கும். நீருக்கடியில் அது சாது, காற்றுப் பட்டாலோ அமிலமாக மாறும். வடித்த நிலத்தின் வாய்க்கால்களில் துருநிறக் கசிவும், பயிரின் வேர் கருகுவதும் அதன் அடையாளங்கள். சேற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே கிடந்த கரிசதுப்பு நிலத்திலோ, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாய் மட்காமல் குவிந்த மரச்சிதைவுகள், நீர் வடிந்தவுடன் மட்கத் தொடங்கி நிலமட்டத்தையே கீழே இறக்கின. ஜோகூரில் இத்தகைய மண்ணில் அன்னாசி நன்றாக விளையும். விளையும்போதே நிலம் கரியமிலவாயுவாய்க் காற்றில் கரைந்துகொண்டும் இருக்கிறது.

இதை முதலில் கணக்காக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் இந்தத் தேசத்திலேயே இருந்தார். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓங் ஜின் எயோங், சகாக்களோடு மாத்தாங் மரங்களை வேரோடு பெயர்த்து எடைபோட்டு ஆராய்ந்தவர், அலையாத்திக் காடு கரிமத்தை உள்வாங்குவது மட்டுமன்றி, அதன் சேற்றைக் கலைத்தால் அதுவே கரிமத்தை வெளியிடும் ஊற்றாகிவிடும் என்று 1993இலேயே ஒரு கட்டுரையில் எச்சரித்தார். இத்தகைய கடலோரக் கரிமத்துக்கு நீலக் கரிமம் என்னும் பெயரை ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தார் 2009இல் பிரசித்தப்படுத்துவதற்குப் பதினாறு வருஷம் முன்பே சொன்ன சொல் அது. 2011இல் டேனியல் டொனாட்டோவும் அவர் கூட்டத்தாரும் இந்தோ-பசிபிக் பிரதேசத்தில் 25 அலையாத்திக் காடுகளைத் துளையிட்டு அளந்து, ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருப்பதாகவும், காட்டுக்குக் காடு அதில் பாதியிலிருந்து 98 விழுக்காடு வரையில் மண்ணிலேயே இருப்பதாகவும் வெளியிட்டார்கள். அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்கும் மேலாக ஆழமுள்ள கருஞ்சேறு அது. நீர் நிறைந்து பிராணவாயு புகாத அந்தச் சேற்றில் விழுந்த இலையும் மடிந்த வேரும் எளிதில் அழிவதில்லை. சிங்கப்பூர்க் கடைவீட்டின் அடியில் பாக்காவ் கழி உளுக்காமல் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ஒரு நூற்றாண்டுக் காலம் டன்டன்னாய் எழுதப்பட்ட விறகுக் கணக்கு, காட்டின் செல்வத்தில் சிறு பகுதியைத்தான் எழுதிற்று. இனி எழுதப்போகும் கரிமக் கணக்கு மட்டும் முழுமையாக இருக்குமா? கரிமத்துக்கு விலை பேசும் வியாபாரிகள் இப்போது கரையோரங்களில் நடமாடுகிறார்கள். ஹெக்டேருக்கு இத்தனை டன் என்ற ஒரே எண் அவர்களுக்கும் போதும். மரவகை மிகுந்தால் கரிமமும் மிகும் என்று சிலர் சொல்லும் சூத்திரத்தை நான் அப்படியே ஒப்பவில்லை. ஒரே இனம் நட்ட மாத்தாங்கின் இளங்காடுகூட மேற்பரப்பில் வெகுவேகமாய் எடை ஏறுகிறது. மரவகையின் பிரயோஜனம் வேறிடத்தில் இருக்கிறது. அலை மோதும் முதல் வரிசையில் ஆப்பி-ஆப்பி நின்றால்தான் பின்வரிசைப் பாக்காவின் காலடிச் சேறு கரையாமல் நிற்கும். மேட்டில் நீரேயும் தில்லையும் இருந்தால்தான் ஐந்தாம் வகுப்பு மண்ணும் காடாக இருக்கும். ஒவ்வொரு வகுப்புச் சேற்றையும் அதற்கு ஏற்ற மரமே கட்டிக் காக்கிறது; ஒன்று போனால் அதன் சேறும் போகும், சேற்றோடு அதிலுள்ள கரிமமும் போகும்.

தமிழ்நாட்டின் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் நடந்தது இதற்கு நேர் சாட்சி. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எழுபதுகள் வரையில் பகுதி பகுதியாக முற்றாக வெட்டும் முறை நடந்தது. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து நடுவே தொட்டிபோல் குழிந்தது. ஏறிய வெள்ளம் இறங்க வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மேலும் மேலும் ஏறிற்று. அந்த உப்பில் சுரபுன்னையும் மற்றவையும் தரிக்கவில்லை. வெண்கண்டல் மட்டும் ஓரங்களில் தரித்தது. ஆடுமாடும் விறகு பொறுக்கும் ஏழைகளுமே காட்டை அழித்தார்கள் என்று வெகுகாலம் பழி சொல்லப்பட்டு வந்தது. தொண்ணூறுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணின் சரிவை அளந்து பார்த்து, குற்றம் வெட்டும் முறையில் இருந்ததைக் கண்டார்கள். மீன்முள் வடிவில் வாய்க்கால் தோண்டி வெள்ளம் வந்துபோக வழிசெய்து, வன இலாகாவும் கிராமத்தாரும் சேர்ந்து நாற்று நட்டதும் காடு திரும்பியது.

ஜோகூரில் எஞ்சியதைக் காக்கும் முயற்சியும் இல்லாமலில்லை. சுங்கை பூலாய் 9,126 ஹெக்டேர், புலாவ் குகுப் 647, தஞ்சோங் பியாய் 526 என மூன்று இடங்களும் 2003 ஜனவரி 31ஆந் தேதி ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறின. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் அரசாங்கமே கரையெங்கும் மரம் நடும் திட்டம் தொடங்கிற்று. நட்டவற்றில் பெரும்பகுதி பாக்காவே. ஈட்டிபோன்ற அதன் முளையைச் சேற்றில் குத்துவது பள்ளிப்பிள்ளைக்கும் எளிது. ஆனால் திறந்த கரையில், ஆப்பி-ஆப்பி நிற்க வேண்டிய இடத்தில், குத்தப்பட்ட பாக்காவ் அலைக்குத் தாக்குப்பிடிக்காமல் பல இடங்களில் அழிந்தது.

பெனுட், ரெங்கிட் பக்கங்களில் சங்கடம் இன்னும் ஆழமானது. அபிவிருத்தித் திட்டத்தின் மண்கரைக்கு வெளியே காவலுக்கென விட்ட மரவரிசையைக் கடல் பல இடங்களில் அரித்துவிட்டது. அரித்த இடத்தில் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள். கரைக்கு உட்புறம் செம்பனையும் தென்னையும் வடிகாலும். வாட்சன் வகுத்த நான்காம், ஐந்தாம் வகுப்பு நிலமெல்லாம் பட்டா நிலமாகிவிட்டபடியால், கடல் மட்டம் உயரும்போது பின்வாங்கி முளைக்க நீரேக்கும் தில்லைக்கும் அங்கே ஓரடி இடம் கிடையாது. இடம் வேண்டுமானால் சில பகுதிகளில் கரையை உள்ளே தள்ளிக் கட்டி, மதகைத் திறந்து, வெள்ளத்தை மறுபடி ஏறவிட வேண்டும். அதற்கு நிலச் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். கரிமத்துக்கு விலை பேச வருகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, சேற்றில் எத்தனை டன் இருக்கிறது என்பதையன்று. கரைக்கு உட்புறம் ஓர் ஏக்கர் செம்பனை இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதைத்தான்.